முனைவர் பட்டம் இல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டில் 43 ஆண்டுகள்: டெரெக் பார்ஃபிட்

கேள்வி இதுதான்: டெரெக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதியை அண்மைக் காலத்தின் மிகப் பெரிய அறவியல் சிந்தனையாளர்களில் ஒருவர் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அவருக்குத் தத்துவத்தில் ஒரு பட்டம்கூட இல்லை, வாழ்நாளில் வெளியிட்டது இரண்டே புத்தகம். இவ்வளவு புகழ் எப்படி, கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதானோ?

ஊதிப் பெருக்கியது இல்லை. ஆனால் இப்படி ஒரு கல்வி வாழ்க்கை இன்னொருவருக்கு அமையுமா என்றால், அமையாது என்றே சொல்வேன். அந்த ஆளும் விசித்திரம், அவரை வைத்துக் காப்பாற்றிய கல்லூரியும் விசித்திரம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பார்ஃபிட் பிறந்தது 1942 டிசம்பர் 11, சீனாவின் செங்டு நகரில். அப்பா நார்மன், அம்மா ஜெஸ்ஸி இருவரும் மருத்துவர்கள். நோய்த்தடுப்பு மருத்துவம் கற்பிக்க மிஷன் மருத்துவமனைகளுக்குப் போனவர்கள். போகும்போது பக்தியோடு போனவர்கள், திரும்பும்போது அந்த நம்பிக்கையை இழந்திருந்தார்கள். மகன் பிறந்து ஓராண்டு வாக்கில் குடும்பம் இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறியது. சின்னப் பையன் டெரெக் மட்டும் தீவிர பக்திமானாக, துறவியாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எட்டு வயது வாக்கில் அதுவும் போயிற்று. நல்லவரான கடவுள் யாரையாவது நரகத்துக்கு அனுப்புவாரா என்று யோசித்தான், அனுப்ப மாட்டார் என்று தோன்றியது, அத்தோடு முடிந்தது. வாதம் பிடித்துவிட்டால் அது இழுக்கும் இடத்துக்குப் போய்விடும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது போலிருக்கிறது.

பள்ளிப் படிப்பு ஈட்டன் என்ற புகழ்பெற்ற இங்கிலாந்துப் பள்ளியில், உதவித்தொகையோடு. கணக்கு தவிர எல்லாப் பாடத்திலும் முன்னணி. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் 1961 முதல் 1964 வரை நவீன வரலாறு. கவனியுங்கள், வரலாறு. தத்துவம் பக்கமே போகவில்லை. இளமையில் கவிஞராக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஈட்டனுக்கும் பேலியலுக்கும் நடுவே ஒரு கோடையில் நியூயார்க்கர் இதழில் தகவல் திரட்டும் வேலையும் பார்த்தார்.

திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1965இல் ஹார்க்னெஸ் உதவித்தொகையில் கொலம்பியா, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களுக்குப் போனார். அங்கே இரண்டு தத்துவ உரைகளைக் கேட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஐரோப்பியப் பாணியில் பேசியவர் எடுத்துக்கொண்டது தற்கொலை, வாழ்வின் பொருள் போன்ற பெரிய விஷயம், ஆனால் என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. சொற்களையும் வாதங்களையும் கறாராகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வு மரபைச் சேர்ந்தவர் பேசியது துல்லியம், ஆனால் விஷயம் அற்பம். எது சுலபம்? புரியாமல் பேசுகிறவர்களைப் புரியும்படி பேசவைப்பதா, தெளிவாகப் பேசுகிறவர்களை முக்கியமான விஷயத்தின் பக்கம் திருப்புவதா? இரண்டாவதுதான் சுலபம் என்று முடிவுசெய்து பகுப்பாய்வுத் தத்துவத்துக்குள் இறங்கினார். அவருடைய மொத்த வேலைத்திட்டமும் இந்த ஒரு முடிவுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி பி.ஃபில். என்ற தத்துவ முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்கத் தேவை இல்லாமல் போனது. 1967இல் ஆல் சோல்ஸ் கல்லூரியில் பரிசு ஃபெலோவாக, அதாவது கல்லூரி செலவில் ஆய்வு செய்யும் உறுப்பினராக, தேர்வாகிவிட்டார்.

ஆல் சோல்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1438இல் நிறுவப்பட்ட இந்தக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் கிடையாது. கல்லூரி என்கிறோம், மாணவர்கள் இல்லை! ஃபெலோக்கள் மட்டும்தான். உள்ளே நுழைய ஒரு தேர்வு உண்டு, ஆண்டுக்கு ஓரிருவர்தான் தேறுவார்கள். அந்தத் தேர்வில் நெடுங்காலம் ஒரு தாள் இருந்தது. வினாத்தாளில் ஒரே ஒரு சொல் இருக்கும், ‘நீர்’ என்பது மாதிரி. அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கட்டுரை எழுத வேண்டும். 2010இல்தான் அந்தத் தாளை எடுத்தார்கள். தேறிவிட்டால் ஏழு ஆண்டுகள் சம்பளம், அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரி பொறுப்பு. கட்டாயப் பாட வேளை கிடையாது, ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்கும் கிடையாது. உலகத்தில் இதைவிடச் சொகுசான வேலை கல்வித்துறையில் இருக்க முடியாது என்று பொறாமைப்பட்டவர்கள் உண்டு. சொகுசில் சோம்பிப்போய் ஒன்றுமே எழுதாமல் போனவர்களும் உண்டு.

பார்ஃபிட் அந்தச் சொகுசை என்ன செய்தார் என்பதுதான் கதை. 1971இல் ‘பெர்சனல் ஐடென்டிட்டி’ என்று ஒரு கட்டுரை, ஃபிலசாஃபிக்கல் ரிவ்யூ இதழில் வந்தது. இருபத்தெட்டு வயதில் அந்த ஒரு கட்டுரையோடு உலகம் அறிந்த ஆளாகிவிட்டார்.

கட்டுரையின் மையத்தை எளிமையாகச் சொல்கிறேன். மனித மூளைக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி போனாலும் மறு பாதியோடு பிழைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சரி, என் மூளையை இரண்டாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு உடல்களில் பொருத்தினால்? இதற்கு முன்பே டேவிட் விக்கின்ஸ் என்ற தத்துவவாதி இந்த உதாரணத்தை எழுதியிருந்தார். எழுந்திருக்கும் இருவருக்கும் என் நினைவுகள், என் குணம், என் காதல்கள் எல்லாம் இருக்கும். இதில் நான் யார்? இருவருமே நான் என்றால் ஒருவர் இருவராக முடியாது. ஒருவர் மட்டும் நான் என்றால், ஏன் அவர், ஏன் மற்றவர் இல்லை? இருவருமே நான் இல்லை, நான் செத்துவிட்டேன் என்றால், ஒரு பாதி மட்டும் பிழைத்திருந்தால் வெற்றி என்று சொல்லியிருப்போமே, இரண்டு பாதியும் பிழைத்தது எப்படித் தோல்வியாகும்? பார்ஃபிட்டின் விடை: கேள்வியே தப்பு. ‘அது நானா’ என்பது நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமே இல்லை. முக்கியம் எதுவென்றால் நினைவும் குணமும் எண்ணமும் தொடர்ந்து போகிறதா என்பது. அந்தத் தொடர்ச்சி கூடும், குறையும். ஒருவருக்கு மேற்பட்டவர்களிடமும் போகும்.

பெயர் கிடைத்தாயிற்று, புத்தகம் வர வேண்டாமா? வரவில்லை. எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார், நண்பர்களுக்கு அனுப்பினார், அவர்கள் சொன்ன ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் எழுதினார், எல்லாவற்றையும் மறுபடி மாற்றினார். பரிசு ஃபெலோவுக்கான ஏழு ஆண்டுகள் முடிந்த பின்னும் கல்லூரியிலேயே இருந்தார். 1981இல் முதுநிலை ஆய்வு ஃபெலோ பதவிக்குப் போனபோது, 14 ஆண்டுகளாகச் சோறு போட்ட கல்லூரி முதன்முறையாகக் கணக்குக் கேட்டது. ஒரு புத்தகம்கூட இல்லையே? முடிவைத் தள்ளிவைத்தார்கள். 1984க்குள் புத்தகம் வர வேண்டும். முடிவே காணாமல் திருத்திக்கொண்டிருந்தவர் அசுர வேகத்தில் இறங்கினார். ஒரு பக்கம் எழுத, ஒரு பக்கம் முடிந்த பகுதிகள் பதிப்பகத்துக்குப் போக, அப்படித்தான் ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ 1984இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. பதவியும் கிடைத்தது. அந்தக் கெடு இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் வந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

புத்தகத்துக்கு நான்கு பகுதிகள். முதல் இரண்டும், தனக்கு நல்லதைச் செய்வதுதான் அறிவுடைமை என்னும் சுயநலக் கோட்பாட்டோடு மல்லுக்கட்டுகின்றன. அதில் ஒரு உதாரணம் மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். முன்பு ஒவ்வொருவரும் ஒரு கைதிக்குக் கடும் வலி தந்தார்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், ஆயிரம் கைதிகளுக்கும் மின்சாரம் உணரவே முடியாத அளவு கூடுகிறது. ஆயிரம் பேர் அழுத்தியதும் பழைய அதே வலி. ஆனால் ‘நான் யாருக்கும் வலி தரவில்லை’ என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு போகும் நாம் எல்லாரும் பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்லிக்கொள்வது கிட்டத்தட்ட இதேதான்.

மூன்றாம் பகுதிதான் எல்லாரும் பேசும் பகுதி. ஒரு பெட்டிக்குள் ஏறிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். இயந்திரம் உங்கள் உடலின் ஒவ்வொரு அணுவையும் பதிவுசெய்து, உடலை அழித்து, தகவலைச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்புகிறது. அங்கே புதிய பருப்பொருளில் அச்சு அசலாக நீங்கள். காலையில் சவரம் செய்தபோது உதட்டில் விழுந்த வெட்டுகூட அப்படியே. போய்வந்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சரி, இப்போது புதிய இயந்திரம் வருகிறது. இது பூமியிலுள்ள உடலை அழிப்பதில்லை. நீங்கள் பெட்டியிலிருந்து வெளியே வருகிறீர்கள், செவ்வாயில் இருக்கும் ‘உங்களோடு’ பேசவும் முடிகிறது. அப்போது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: இயந்திரம் உங்கள் இதயத்தைப் பழுதாக்கிவிட்டது, சில நாள்தான். செவ்வாயில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் உங்கள் மனைவியை நேசிப்பார், உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் பாதியில் விட்ட வேலையை முடிப்பார்.

இது ஆறுதலா? பெரும்பாலோர் இல்லை என்போம். சாவது நான்தானே! பார்ஃபிட் ஆம் என்கிறார், கிட்டத்தட்ட உயிரோடிருப்பதற்குச் சமம் என்கிறார். உடலுக்கும் அனுபவங்களுக்கும் அப்பால் ‘நான்’ என்று தனியே ஒரு பொருள் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் இழப்பதற்கும் ஒன்றும் பெரிதாக இல்லை என்பது அவர் வாதம். முன்பு தன் வாழ்க்கை ஒரு கண்ணாடிச் சுரங்கம்போல இருந்தது, அதன் முடிவில் இருட்டு, அதை நோக்கி ஆண்டுக்காண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன் என்று எழுதுகிறார். இந்த முடிவுக்கு வந்ததும் கண்ணாடிச் சுவர்கள் மறைந்தன, திறந்த வெளியில் நிற்கிறேன், மற்றவர்கள் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டார்கள் என்கிறார். பகுப்பாய்வுத் தத்துவத்தில் இப்படி ஒரு பத்தி அபூர்வம். ‘நான்’ என்று நிலையான ஒன்று இல்லை என்னும் பௌத்தக் கருத்தான அனாத்மா பற்றி ஏதாவது படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தோன்றும். அது அவருக்கும் தெரியும். புத்தகத்தின் கடைசிப் பின்னிணைப்பில் பௌத்த நூல்களிலிருந்து மேற்கோள்களைத் தொகுத்து, புத்தர் தன் முடிவை ஒப்புக்கொண்டிருப்பார் என்று காட்டியிருக்கிறார்.

நான்காம் பகுதி இன்னும் பிறக்காதவர்களைப் பற்றியது. அந்தக் கேள்விகளை இவ்வளவு கூர்மையாக முன்வைத்தவர் அவர்தான். பதினான்கு வயதுப் பெண் குழந்தை பெற்றுக்கொள்ள முடிவுசெய்கிறாள். சில ஆண்டுகள் பொறுத்தால் குழந்தைக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் பொறுத்தால் பிறப்பது வேறு குழந்தை. இந்தக் குழந்தைக்கு இப்போது பிறப்பதை விட்டால் பிறப்பே இல்லை. அப்படியானால் யாருக்குக் கெடுதல்? ஒரு நாடே இயற்கை வளத்தைச் சுரண்டித் தீர்க்க முடிவெடுத்தாலும் இதே சிக்கல்தான். அந்தக் கொள்கை மக்கள் யாரை எப்போது மணக்கிறார்கள், எப்போது பிள்ளை பெறுகிறார்கள் என்பதையே மாற்றிவிடும். இருநூறு ஆண்டு கழித்துக் கஷ்டப்படப் போகிறவர்கள், அந்தக் கொள்கை இல்லாவிட்டால் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அவரே ‘அருவருப்பான முடிவு’ என்று பெயர் வைத்தது. ஆயிரம் கோடிப் பேர் மிக நன்றாக வாழும் உலகத்தைவிட, எண்ணற்ற பேர் வாழலாம் போகலாம் என்ற அளவில் மட்டும் வாழும் உலகம் மேலானது என்று மறுக்க முடியாதது போலத் தோன்றும் படிகள் வழியே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பின்னால் ஒரு கட்டுரையில் அந்த வாழ்க்கைக்கு அவர் தந்த அடையாளம், உருளைக்கிழங்கும் லிஃப்டில் ஒலிக்கும் மெல்லிசையும். இதிலிருந்து தப்ப வைக்கும் கோட்பாட்டுக்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டுத் தேடினார், கிடைக்கவில்லை என்று புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

புத்தகம் முடியுமுன் ஒரு ஒப்பீடு வரும். ஒன்று, அமைதி. இரண்டு, 99 சதவீத மனிதரைக் கொல்லும் அணு ஆயுதப் போர். மூன்று, 100 சதவீதத்தையும் கொல்லும் போர். முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பெரிது என்று பலரும் நினைப்பார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளதுதான் மிகப் பெரிது என்றார் பார்ஃபிட். ஏனென்றால் போவது மீதி ஒரு சதவீதம் மட்டும் இல்லை, வரப்போகும் எல்லாத் தலைமுறையும். மனித குலம் அழியும் ஆபத்தைப் பற்றி இன்று பேசும் டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் போன்ற தத்துவவாதிகள் இந்தப் பக்கத்திலிருந்து முளைத்தவர்கள். ஆர்ட் அவரிடம் நேரடியாக ஆய்வு செய்தவரும்கூட.

இந்தக் காலத்தில் ஆல் சோல்ஸில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பார்ஃபிட், சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டிவொர்கின், அரசியல் தத்துவவாதி ஜி. ஏ. கோஹன், அப்புறம் அங்கே பேராசிரியராக இருந்த அமர்த்தியா சென், நால்வரும் ஒரே மேசையில். மாணவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘ஸ்டார் வார்ஸ்’. ஹார்வர்ட், நியூயார்க், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களிலும் வருகைப் பேராசிரியராகப் போய்வந்தார். யாராவது கையெழுத்துப் பிரதி அனுப்பினால் பிரதியைவிட நீளமாகக் குறிப்புகள் திரும்பி வரும். முன்பின் தெரியாத மாணவர் என்றாலும் அப்படித்தான்.

ஆள் எப்படி என்று கேட்டால், வேலை தவிர மற்ற எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளிவிட்ட ஆள். காலையில் எதை உடுத்துவது என்ற கேள்வியே வரக்கூடாது என்று ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. உடனடிக் காபித் தூளைக் குழாயில் வரும் வெந்நீரிலேயே கலக்கிக் குடித்துவிடுவார், கெட்டில் கொதிக்கும் நேரம் மிச்சம். பல் துலக்கும்போது படிப்பு, உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கும்போதும் படிப்பு. ஒரே ஒரு விதிவிலக்கு, புகைப்படம். மனக்கண்ணில் படங்களைக் கொண்டுவரும் திறன் அவருக்கு மிகக் குறைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ ஆண்டுதோறும் வெனிஸ், லெனின்கிராட் என்று போய் அதே கட்டடங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். சரியான வெளிச்சம் விழும்வரை புத்தகமும் கையுமாகக் காத்திருப்பார். படம் சரியாக வந்தாலும் விடமாட்டார். லண்டனில் உள்ள ஒரு தொழில்முறை நிபுணருக்குக் காசை வாரிக் கொடுத்து, வண்டிகள், கம்பிகள், ஆட்கள் என்று கண்ணை உறுத்தியதையெல்லாம் நீக்கவைப்பார். கையெழுத்துப் பிரதியை விடாமல் திருத்தியவர்தானே.

ஜேனெட் ராட்க்ளிஃப் ரிச்சர்ட்ஸ் என்ற தத்துவவாதியோடு 1980களின் தொடக்கத்திலிருந்தே உறவு. அவரும் ‘த ஸ்கெப்டிகல் ஃபெமினிஸ்ட்’ எழுதிப் பெயர் பெற்றவர். ஆனால் பார்ஃபிட் வாழ்ந்தது பெரும்பாலும் கல்லூரி அறைகளில். 2010இல் 67 வயதில் ஓய்வு பெற்று அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டில்தான் இருவரும் சட்டப்படி திருமணம் செய்துகொண்டார்கள். இதை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டாவது புத்தகம் ‘ஆன் வாட் மேட்டர்ஸ்’. 2002இல் பெர்க்லியில் ஆற்றிய டேனர் சொற்பொழிவுகளிலிருந்து வளர்ந்தது. பல ஆண்டுகள் ‘மலையேற்றம்’ என்ற பொருள்படும் தலைப்பில் பிரதி கை மாறிக்கொண்டே இருந்தது. எந்த அளவுக்கு என்றால், புத்தகம் இரண்டு தொகுதிகளாக வந்தது 2011இல், அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரைத் தொகுப்பு 2009இலேயே வந்துவிட்டது! ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் வழி, எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விதிகளைத் தேடும் ஒப்பந்த வழி, விளைவை வைத்து நன்மை தீமை பார்க்கும் வழி, மூன்றும் ஒரே மலையில் வெவ்வேறு பக்கமாக ஏறுகின்றன, உச்சியில் சந்திக்கும் என்பது அவர் வாதம். அடியில் ஓடுவது ஒரு பயம்: அறம் என்பது வெறும் விருப்பு வெறுப்புதான் என்றால் எதுவுமே பொருட்டில்லை, தன் வாழ்நாள் முழுவதும் வீண். பெர்னார்ட் வில்லியம்ஸ் போன்ற, அவர் மிகவும் மதித்த ஒரு தத்துவவாதி இதில் தன்னோடு உடன்படவில்லை என்பது அவரை உண்மையிலேயே உலுக்கியது. மூன்றாம் தொகுதி அவர் இறந்த பிறகு, 2017இல் வந்தது. வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு முதல் புத்தகம்தான் பெரியது. அதில் அவர் எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாமல் நடக்கிறார். இரண்டாவதில் எல்லாரும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்கிறார். 2014இல் ஸ்வீடனின் ரோல்ஃப் ஷாக் பரிசு கிடைத்தது. 2017 ஜனவரி தொடக்கத்தில், 74 வயதில் இறந்தார்.

ஆக, தத்துவப் பட்டம் இல்லாததும் இரண்டே புத்தகம் என்பதும் ஒரே காரணத்தால் வந்தவை. 24 வயதில் ஒரு கல்லூரி அவரை உள்ளே எடுத்துக்கொண்டது, 14 ஆண்டுகள் கேள்வி கேட்கவில்லை, சரியான நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டது. இன்று ஆண்டறிக்கை கேட்கும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் மூன்றாம் ஆண்டே வெளியே போயிருப்பார்.

படிக்க விரும்பினால் முதல் புத்தகத்தின் மூன்றாம் பகுதியிலிருந்து, அதாவது பத்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பகுதியில் தொடங்கினால் நாற்பது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். முன்னுரையை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஒரு பக்கம்தான். அதன் முதல் வரியில் ஒரு பூனை வருகிறது: என் பூனையைப் போலவே நானும் பல நேரம் எனக்குத் தோன்றியதைச் செய்துவிடுகிறேன் என்று.